வீட்டு மில்லிங் மெஷினுக்கு மேசையும் தடுப்பும்: 900 மி.மீ. அகலம் போதுமா?

நூற்பாலை ஃபிட்டர்:

வணக்கம் நண்பர்களே. சூலூர்ப் பக்கம் ஒரு நூற்பாலையில் பராமரிப்புப் பிரிவில் வேலை பார்க்கிறேன். வீட்டில் ஓய்வு நேரத்தில் சின்ன நீராவி எஞ்சின் மாடல்கள் செய்கிறேன். இதுவரை ஒரு பழைய லேத், ஒரு பெஞ்ச் டிரில், இவ்வளவுதான் என் பட்டறை. சிலிண்டர் பிளாக்கில் வால்வு முகத்தைச் சமமாக எடுப்பதற்கும் போர்ட் (நீராவி போகும் துளை) வெட்டுவதற்கும் கோவை கணபதியில் ஜாப் ஒர்க் கொடுத்து வாங்குவேன். ஒரு பீஸ், அதிலும் உள்ளங்கை அளவு என்றால் யாருக்கும் செய்து தர மனசு வராது. அவர்களைக் குறை சொல்ல முடியாது.

இப்போது ஒரு பெஞ்ச் மில்லிங் மெஷின் வாங்கிவிட்டேன். மெஷினின் டேபிள் (பீஸைப் பிடித்து நகரும் மேடை) 700 x 180 மி.மீ., நீளவாக்கில் ஓட்டம் 450, குறுக்கே 180. எம்டி3 (மோர்ஸ் டேப்பர் 3) ஸ்பிண்டில், அதாவது கட்டரைப் பிடித்துச் சுற்றும் தண்டு, 1 ஹெச்பி மோட்டார், வேகத்தைக் கூட்டிக் குறைக்கலாம். எடை 110 கிலோ, உயரம் 850 மி.மீ. தற்சமயம் பெட்டியோடு தரையில் இருக்கிறது.

இடம் தரைத்தளத்தில், சமையலறையை ஒட்டிய சின்ன அறை. 10 அடிக்கு 8 அடி. முன்பு தேங்காய் போட்டு வைத்திருந்தோம். என் கவலை எல்லாம் சிப்ஸ், அதாவது வெட்டும்போது பறக்கும் உலோகத் துகள் பற்றித்தான். கன்மெட்டல் (ஒருவகை வெண்கலம்) வெட்டும்போது ஊசி ஊசியாகத் தெறிக்கும். பையன் இன்னும் சின்னவன், வீடு முழுக்க வெறுங்காலோடு ஓடுவான். லேத் சுருளையாவது கூட்டி அள்ளிவிடலாம். கன்மெட்டல் பொடி காலில் ஏறினால் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால்கூடத் தெரியாது. அதனால் நல்ல தடுப்பு இல்லாமல் மெஷினை ஓட்டுவதில்லை என்று வீட்டில் சொல்லிவிட்டேன்.

என் திட்டம் இதுதான்:

மேசை 900 x 600. கால்களும் சட்டமும் 40 x 40 x 2 சதுரப் பைப். மேலே, வீடு கட்டும்போது சமையல் மேடைக்குப் போட்டு மிஞ்சிய 18 மி.மீ. கிரானைட். அதன்மேல் மெஷினைச் சுற்றி நான்கு பக்கமும் அக்ரிலிக் பெட்டி, முன்னால் கதவு. கூலன்ட் (வெட்டும் இடத்தைக் குளிர்விக்கும் திரவம்) பம்பும் வைக்கலாம் என்று நினைக்கிறேன்.

வெல்டிங் நானே செய்வேன். வெட்டத் தொடங்குவதற்கு முன்னால் அனுபவசாலிகள் ஒருமுறை பார்த்துச் சொன்னால் நன்றாக இருக்கும். மேசை உயரம் எவ்வளவு வைப்பது என்றும் சொல்லுங்கள். எனக்கு முழங்கை தரையிலிருந்து 1050 மி.மீ.

---

பழைய டூல்ரூம்:

தம்பி, பைப்பை வெட்டுவதற்கு முன்னால் கேட்டீர்களே, அதுவே பாதி வேலை முடிந்த மாதிரி. முப்பது வருஷத்துக்கு மேல் டூல்ரூமில் மில்லிங்கில் நின்றவன் நான். ஓய்வு பெற்ற பிறகு வீட்டில் உங்களுடையதைப் போலவே ஒரு சின்ன மெஷின் வைத்திருக்கிறேன்.

முதலில் அகலம். 900 என்பது மெஷின் சும்மா நிற்கும்போது தேவைப்படும் அகலம். வேலை செய்யும்போது டேபிள் இரண்டு பக்கமும் நகரும். 700 டேபிள், 450 ஓட்டம், இரண்டையும் கூட்டினால் 1150. அதாவது நடுவிலிருந்து ஒவ்வொரு பக்கமும் 575 வரை டேபிளின் முனை போகும். அதற்கு வெளியே கைச்சக்கரம் இருக்கிறது, ஒரு பக்கத்துக்கு 110 என்று வையுங்கள். மொத்தம் 1370. சக்கரத்தைச் சுற்றும் கை முட்டிக்கும் இடம் வேண்டும். 900 அகலத்தில் பெட்டி கட்டினால் டேபிளை நடுவில் வைத்துச் சின்ன வேலை செய்யும்வரை தெரியாது. பெரிய பீஸ் ஒன்றைப் பிடித்து ஓரத்துக்கு ஓட்டும் அன்றைக்குத்தான் சக்கரம் சுவரில் இடிக்கும். வேறொன்றும் உண்டு. எண்ணெயும் சிப்ஸும் டேபிளின் டி-ஸ்லாட் (போல்ட் மாட்டும் நீளப் பள்ளம்) வழியாக ஓடி இரண்டு முனைகளிலும்தான் கொட்டும். அந்த முனை 575 வரை போகிறது என்றால் கீழே இருக்கும் தட்டு அதையும் தாண்டி இருக்க வேண்டும். அதனால் தட்டு 1250 அகலம், ஆழம் 650. அதற்குக் குறைய வேண்டாம்.

அப்புறம் கிரானைட். கிரானைட் நல்ல பொருள்தான், அளவு பார்க்கும் சமதளமான சர்ஃபேஸ் பிளேட்டே அதில்தானே செய்கிறார்கள். ஆனால் அது கனத்த கல், மூன்று புள்ளியில் சும்மா உட்கார்ந்திருக்கும், யாரும் அதில் போல்ட் போட்டு முறுக்குவதில்லை. உங்கள் 18 மி.மீ. பலகையில் நான்கு ஓட்டை போட்டு 110 கிலோ மெஷினை இறுக்கி, தினமும் அதிர்வும் கொடுத்தால் ஓட்டையின் விளிம்பிலிருந்து கீறல் விடும். அதை லேத் பக்கத்தில் டூல் வைக்கும் மேடையாகப் போட்டுக்கொள்ளுங்கள்.

மேலே எம்.எஸ். (மைல்ட் ஸ்டீல்) பிளேட் போடுங்கள். 1250 x 650 முழுக்க 10 மி.மீ. பிளேட் என்றால் 64 கிலோ வரும், செலவும் கூட. மெஷின் உட்காரும் இடத்துக்கு மட்டும் 600 x 500 அளவில் 10 மி.மீ. பிளேட் போதும், 24 கிலோவுக்குள் முடியும். பழைய இரும்புக் கடையில் இந்த அளவுத் துண்டு எளிதாகக் கிடைக்கும். சட்டத்துக்கு 40 x 40 x 2 ஒல்லி. 50 x 50 x 3 எடுங்கள். பின்பக்கமும் இரண்டு பக்கவாட்டிலும் மூலைவிட்டமாக ஒரு கம்பி கட்டாயம் வேண்டும். பைப்பின் கனத்தைவிட இந்த மூலைவிட்டம்தான் ஆட்டத்தை நிறுத்தும். சதுரச் சட்டம் எவ்வளவு தடிமனாக இருந்தாலும் கையால் தள்ளினால் சாய்சதுரமாகப் பார்க்கும். முக்கோணம் அசையாது.

கால் பைப்புகளுக்குள் மணல் நிரப்புங்கள். நன்றாகக் காய்ந்த மணல், முடிந்தால் வாணலியில் வறுத்தது. ஈர மணல் போட்டால் உள்ளேயே துரு ஏறும். 50 பைப்பில் மீட்டருக்கு 3 கிலோ மணல் போகும். பார்க்க ஒன்றும் தெரியாது, ஆனால் சுத்தியலால் தட்டிப் பாருங்கள். வெறும் பைப் கணீரென்று ஒலிக்கும், மணல் போட்டது டொக் என்று நின்றுவிடும். எண்ட் மில் (மில்லிங் கட்டர்) அலறுவதும் அதே கணக்கில்தான் குறையும். வெல்டிங் எல்லாம் முடிந்த பிறகுதான் மணல், முதலில் போட்டுவிடாதீர்கள். வெல்டிங்கில் உங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. எல்லா மூட்டிலும் முதலில் டாக் (சின்னப் புள்ளி வெல்ட்) அடித்து, மூலைக்கு மூலை டேப் பிடித்து அளந்து, பிறகு எதிரெதிர் மூட்டாக மாற்றி மாற்றி அடித்தால் சட்டம் திருகாது.

இப்போது நான் மிக முக்கியமாகச் சொல்ல நினைப்பது. மெஷினை மேசையில் வைத்து போல்ட்டை இறுக்குவதோடு வேலை முடிந்துவிட்டதாக நினைக்க வேண்டாம். கேஸ் கட்டிங்கில் வெட்டி வந்த பிளேட் சமமாக இருக்காது. நான்கு கால்களில் மூன்று உட்காரும், நான்காவது காகிதக் கனம் தூக்கி நிற்கும். நீங்கள் போல்ட்டை முறுக்கினால் அந்தக் கால் கீழே வரும், கூடவே அடிப்பாகமும் திருகும். அதிர்ஷ்டம் இருந்தால் டேபிள் இறுக்கமாக ஓடுகிறது என்பதோடு போகும். இல்லாவிட்டால் வால்வு முகம் ஒரு பக்கம் சரிந்தே வரும், காரணம் தெரியாமல் மெஷினைக் குறை சொல்லிக்கொண்டிருப்போம்.

இதைப் பிடிக்க டயல் கேஜ் (நுண்ணிய அசைவை முள்ளால் காட்டும் கருவி) போதும். நான்கு போல்ட்டையும் இறுக்கிக்கொள்ளுங்கள். மேக்னட் பேஸை பிளேட்டின் மேல் ஒட்டி, டயலின் முனையை மெஷின் அடிப்பாகத்தின் விளிம்பில், போல்ட்டுக்குப் பக்கத்தில் வையுங்கள். முள்ளை பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து அந்த ஒரு போல்ட்டை மட்டும் மெதுவாகத் தளர்த்துங்கள். முள் அசையாமல் நின்றால் அந்தக் கால் சரியாக உட்கார்ந்திருக்கிறது. 0.05 மி.மீ.க்கு மேல் ஏறினால் ஏறிய அளவுக்கு அந்தக் காலின் அடியில் ஷிம் (மெல்லிய தகட்டுத் துண்டு) கொடுங்கள். பித்தளை ஷிம் தகடு இருந்தால் நல்லது. குளிர்பான டின்னை வெட்டினால் ஏறக்குறைய 0.1 மி.மீ. தகடு கிடைக்கும், அதுவும் ஆகும். திரும்ப இறுக்கி அடுத்த போல்ட். நான்கையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, முதலாவதை மறுபடி பாருங்கள், ஏனென்றால் ஒன்றை மாற்றினால் மற்றது மாறும். நான்கும் அசையாமல் நின்ற பிறகுதான் ஸ்பிண்டிலில் டயலைக் கட்டி டேபிளைச் சுற்றி ஓட்டி நேர் பார்க்க வேண்டும். இந்த வரிசை மாறக்கூடாது. ரசமட்டம் வைத்துத் தரைக்குச் சமமாக்குவது எண்ணெய் ஒழுங்காக வடிவதற்கு மட்டுமே. மேசைக் கால்களில் எம்16 நட்டு வெல்ட் செய்து லெவலிங் போல்ட் போட்டால் அது எளிது. டைல்ஸ் தரை என்றால் போல்ட்டுக்கு அடியில் 100 x 100 தகடு வையுங்கள், டைல்ஸுக்குக் கீழே காலியிடம் இருந்தால் புள்ளி எடையில் உடையும்.

மேசை உயரம் இப்படிப் பாருங்கள்: வைஸின் வாய் உங்கள் முழங்கை உயரத்துக்கு வர வேண்டும். 1050இல் வைஸ் உயரத்தையும் மெஷின் அடியிலிருந்து டேபிள் மேல்பரப்பு வரையுள்ள உயரத்தையும் கழியுங்கள், மிச்சம்தான் மெஷினின் அடி உட்கார வேண்டிய உயரம். உங்கள் அளவு மெஷினுக்கு 720, 730 பக்கம் வரும் என்று தோன்றுகிறது, அளந்து பார்த்து முடிவு செய்யுங்கள். அதே உயரத்தில் நின்று டிராபார் (கட்டரை ஸ்பிண்டிலுக்குள் மேலிருந்து இழுத்துப் பிடிக்கும் கம்பி) நட்டுக்கு ஸ்பேனர் எட்டுகிறதா என்றும் பாருங்கள். டிராபாரை மேலே உருவி எடுக்க இடம் வேண்டும், அதனால் தடுப்புக்குக் கூரை போடாதீர்கள்.

தட்டு விஷயத்தில் ஒன்று. தட்டை மெஷினுக்கும் பிளேட்டுக்கும் நடுவில் வைத்து, ஒழுகாமல் இருக்க சிலிகான் பூசி இறுக்குகிறார்கள் பலர். ரப்பர்மேல் மெஷினை உட்கார வைத்தது போலாகிவிடும், மேலே சொன்ன ஷிம் வேலை அத்தனையும் வீண். பிளேட்டில் நான்கு இடத்தில் 40 மி.மீ. உயரத்துக்குக் கனத்த இரும்புத் துண்டை வெல்ட் செய்து அதன்மேல் மெஷினை வையுங்கள். தட்டில் அந்தத் துண்டுகளுக்கு வழி விட்டு ஓட்டை வெட்டி, சுற்றிலும் மட்டும் சிலிகான் பூசுங்கள். மெஷினின் எடை இரும்பிலிருந்து இரும்புக்கு நேராக இறங்கும். 18 கேஜ் ஜிஐ தகடு, விளிம்பு 50 மி.மீ. மடிப்பு, ஒரு மூலைக்குச் சரிவு, அங்கே வாஷ்பேசின் வேஸ்ட் கப்ளிங், மேலே ஒரு வலை.

தடுப்பைப் பற்றி: நான்கு பக்கப் பெட்டி, கம்ப்யூட்டர் ஓட்டும் சிஎன்சி மெஷினுக்குச் சரி. கையால் சக்கரம் சுற்றும் மெஷினில் கதவைத் திறந்துவைத்துத்தான் வேலை செய்வீர்கள், பிறகு கதவு எதற்கு? பின்னால் ஒரு சுவர், இரண்டு பக்கமும் கீல் போட்ட சிறகு, வேலைக்கு ஏற்ப விரித்துக்கொள்ளும்படி. முன்னால் தட்டின் விளிம்பில் 150 மி.மீ. உயரத்தில் கழற்றி மாட்டும் பலகை. முன்பக்கம் தெறிப்பதை நிறுத்த, கட்டருக்குப் பக்கத்திலேயே உள்ளே தெரியும்படியான ஒரு சின்னத் தடுப்பு மேக்னட் பேஸில் நிற்கட்டும். சிப்ஸைப் பிறக்கும் இடத்திலேயே மறிப்பதுதான் மலிவு. சுவர்கள் மேசையின் சட்டத்தில் நிற்கட்டும், மெஷினைத் தொடவே கூடாது. தொட்டால் தகடு நடுங்கிச் சத்தம் போடும்.

இரும்பில் கட்டுவதற்கு முன்னால் ஃபிரிட்ஜ் வந்த அட்டைப்பெட்டியை வெட்டி அதே அளவில் நிறுத்திவைத்துச் சில நாள் வேலை செய்து பாருங்கள். எங்கே கை இடிக்கிறது, எங்கே சிப்ஸ் தாண்டிப் போகிறது என்று அட்டையே சொல்லிவிடும்.

---

அம்பத்தூர் எலக்ட்ரீஷியன்:

ஐயா மெக்கானிக்கல் பக்கம் எல்லாம் சொல்லிவிட்டார். கரண்ட் பக்கம் நான் சொல்கிறேன்.

கன்ட்ரோல் பெட்டியைத் தடுப்புக்கு உள்ளே வைக்காதீர்கள். வார்ப்பிரும்புத் தூள் காற்றில் மிதந்து போய் சர்க்யூட் போர்டின்மேல் படியும், அது கரண்டைக் கடத்தும். மெஷினின் பின்னாலேயே பெட்டி இருந்தால் அதன் காற்று ஓட்டைக்கு ஃபில்டர் துணி போடுங்கள்.

அடுத்தது, வேலை நடுவில் கரண்ட் போய்த் திரும்ப வருவது. போனவுடன் நாம் என்ன செய்வோம்? கட்டருக்குப் பக்கத்தில் கையை விட்டுத் துடைப்போம், பீஸைத் தொட்டுப் பார்ப்போம். அந்த நேரத்தில் கரண்ட் வந்து ஸ்பிண்டில் தானாகச் சுற்றினால்? கட்டரைக் கழற்றிவிட்டு, வெறும் ஸ்பிண்டிலை ஓடவிட்டு, சுவரில் இருக்கும் மெயின் ஸ்விட்சை அணைத்து மறுபடி போட்டுப் பாருங்கள். தானாகச் சுற்றத் தொடங்கினால் நடுவில் ஒரு கான்டாக்டர் (காந்த ஸ்விட்ச்) வைத்து ஸ்டார்ட் ஸ்டாப் பட்டன் போட வேண்டும். மோட்டார் பம்ப் ஸ்டார்ட்டர் மாதிரியேதான்: கரண்ட் போனால் விழுந்துவிடும், பச்சைப் பட்டனை அழுத்தினால்தான் திரும்பப் பிடிக்கும். சிவப்புக் காளான் பட்டனை மேசையின் முன் விளிம்பில் இடது பக்கம் வையுங்கள். கட்டரைத் தாண்டிக் கை நீட்டி அணைக்கும்படி இருக்கவே கூடாது.

30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் தானாக அணையும் பிரேக்கர்) இந்த லைனில் கட்டாயம். இரும்பு மேசை, இரும்பு மெஷின், ஈரத்தட்டு, எல்லாவற்றையும் சேர்த்து எர்த் கொடுங்கள். பெயின்டின்மேல் எர்த் லக் வைத்து முறுக்கினால் அது எர்த் இல்லை, அந்த இடத்தில் பெயின்டைச் சுரண்டிவிட்டு வையுங்கள்.

விளக்கு. நம் 50 ஹெர்ட்ஸ் கரண்டில் மட்டமான எல்இடியும் பழைய டியூப் லைட்டும் வினாடிக்கு 100 முறை மினுக்கும். 1500 ஆர்பிஎம்மில் சுற்றும் நான்கு பல் கட்டர் அந்த வெளிச்சத்தில் நிற்பது போலவே தெரியும். வினாடிக்கு 25 சுற்று, நான்கு பல், சரியாக 100 ஆகிவிடுகிறது. இரண்டு பல் என்றால் 3000இல் அப்படித் தெரியும். 24 வோல்ட் டிசியில் எரியும் எல்இடி பட்டை வாங்கிப் பின்சுவரின் மேல் விளிம்பில் ஒட்டினால் இந்தத் தொல்லை இல்லை.

---

ஷீட் கடைப் பெண்:

அண்ணா, அக்ரிலிக் வேண்டாம். நாங்கள் குடும்பமாக பிளாஸ்டிக் ஷீட் வெட்டிக் கொடுக்கும் தொழில் செய்கிறோம், எங்கள் கடையில் அக்ரிலிக்தான் அதிகம் விற்கிறது, இருந்தாலும் சொல்கிறேன். கட்டர் பல் உடைந்து பறந்தாலோ பீஸ் வைஸிலிருந்து பிடுங்கிக்கொண்டு வந்தாலோ அக்ரிலிக் கத்தி முனை மாதிரித் துண்டு துண்டாக உடையும். பாலிகார்பனேட் குழியும், வளையும், உடையாது. சாலிட் ஷீட் என்று கேட்டு வாங்குங்கள். கார் ஷெட் கூரைக்குப் போடுகிற, உள்ளே அறை அறையாக இருக்கும் ஷீட்டைக் காட்டினால் வாங்காதீர்கள். அதில் எண்ணெய் புகுந்தால் வெளியே வராது, வலுவும் கிடையாது.

உங்கள் வேலைக்குப் பக்கச் சிறகுகள் 5 அல்லது 6 மி.மீ. 8 அடிக்கு 4 அடி ஷீட் ஒன்றில் இரண்டு சிறகும் கட்டர் பக்கத் தடுப்பும் வந்துவிடும். பின்சுவருக்கு உள்ளே தெரியும் ஷீட் தேவையில்லை, அங்கே வெள்ளைப் பெயின்ட் அடித்த தகடே போதும், வெளிச்சமும் திரும்பக் கிடைக்கும்.

ஓட்டை போடும்போது கவனம். வெயில் காலத்துக்கும் மார்கழிக்கும் 20 டிகிரி வித்தியாசம் என்று வைத்தால், 1200 மி.மீ. நீளமுள்ள ஷீட் ஒன்றரை மி.மீ. வரை நீண்டு சுருங்கும். அதனால் 5 மி.மீ. போல்ட்டுக்கு 8 மி.மீ. ஓட்டை, விளிம்பிலிருந்து தள்ளி. அடியில் அகலமான வாஷர், ரப்பர் வாஷர் இருந்தால் இன்னும் நல்லது. தலை உள்ளே புதையும் ஸ்க்ரூவைப் போடவே வேண்டாம், அது ஆப்பு மாதிரி பிளக்கும். கையால் ஷீட்டைத் தள்ளினால் லேசாக நகர வேண்டும், அந்த அளவு இறுக்கினால் போதும்.

துடைப்பதற்குத் தின்னர், அசிட்டோன், பெட்ரோல் எதுவும் கூடாது. பாலிகார்பனேட்டில் பட்டதும் ஒன்றும் தெரியாது, சில நாளில் ஓட்டையைச் சுற்றி மயிரிழை போலக் கீறல் கிளம்பும். கூலன்ட்டும் நாள்பட்டால் அப்படித்தான் செய்யும், அதனால் ஓட்டையைச் சுற்றி அப்படிக் கோடு தெரிந்தால் ஷீட்டை மாற்றிவிடுங்கள். முதலில் தண்ணீர் ஊற்றிச் சிப்ஸைக் கழுவி, அப்புறம் சோப்புத் தண்ணீரில் நனைத்த மெல்லிய துணி. உலர்ந்த துணியால் தேய்த்தால் கன்மெட்டல் பொடியே ஷீட்டைக் கீறிவிடும். உள்பக்கம் 1 மி.மீ. பெட் (PET) பிளாஸ்டிக் ஷீட் ஒன்றை கிளிப் வைத்து மாட்டினால் கீறல் எல்லாம் அதில் விழும், மங்கினால் அதை மட்டும் மாற்றலாம்.

---

நூற்பாலை ஃபிட்டர்:

மூன்று பேருக்கும் மனமார்ந்த நன்றி. அகலக் கணக்கைப் படித்ததும் டேபிளை இரண்டு ஓரத்துக்கும் ஓட்டித் தரையில் சாக்பீஸால் கோடு போட்டேன். ஐயா சொன்ன அளவேதான் வந்தது, சக்கரத்தோடு 1370. தட்டு 1250 x 650 என்று முடிவு செய்துவிட்டேன். வைஸையும் டேபிளையும் கழித்தால் மேசை உயரம் 725 வருகிறது. பைப் 50 x 50 x 3 சொல்லியிருக்கிறேன்.

இன்னும் இரண்டு சந்தேகம். கூலன்ட் பம்ப் வைக்கட்டுமா? நான் வெட்டுவது பெரும்பாலும் வார்ப்பிரும்பு, கன்மெட்டல், கொஞ்சம் அலுமினியம். இரண்டாவது, மெஷினை மேசைமேல் ஏற்றுவது எப்படி? அறையில் ஃபேன் கொக்கி இருக்கிறது, செயின் பிளாக் ஆலையில் இரவல் கிடைக்கும்.

---

பழைய டூல்ரூம்:

ஃபேன் கொக்கியில் மாட்டவே மாட்டாதீர்கள், தம்பி. அது ஃபேனுக்காகப் போட்டது, 110 கிலோவுக்கு இல்லை. கல் தூக்க வாடகைக்குக் கொடுக்கும் இரும்பு முக்காலி கிடைத்தால் அதில் செயின் பிளாக்கை மாட்டுங்கள். கிடைக்காவிட்டால் மெஷினின் தலையைக் காலத்திலிருந்து (பின்னால் நிற்கும் தூண், column) கழற்றித் தனியாக ஏற்றுங்கள். உங்கள் அளவு மெஷினில் மோட்டாரோடு சேர்த்துத் தலை கனமான பாகம், அது போனால் மீதியை மூன்று பேர் தூக்கிவிடலாம். முழுதாகத் தூக்குவதாக இருந்தால் தலையைக் கீழே இறக்கி லாக் செய்துவிட்டுத் தூக்குங்கள். தலை மேலே இருந்தால் மெஷின் காற்றிலேயே கவிழப் பார்க்கும். தூக்கும் பெல்ட்டை டேபிளிலோ கைச்சக்கரத்திலோ மாட்டாமல் காலத்தைச் சுற்றி மாட்டுங்கள்.

பம்ப் இப்போதைக்கு வேண்டாம். வார்ப்பிரும்பு வெட்டும்போது ஒன்றும் ஊற்றக் கூடாது. அதிலேயே கிராஃபைட் இருக்கிறது, வறண்டே வெட்டும். தண்ணீர் பட்டால் அந்தத் தூள் சேறாகி, டேபிள் வழுக்கி ஓடும் வழிகளுக்குள் போய் அரைக்கும். வேக்குவம் கிளீனரின் குழாயை கட்டருக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வெட்டுங்கள், பையன் காலுக்கும் அது நல்லது. கன்மெட்டலும் வறண்டே போகும். அலுமினியத்துக்கு மட்டும் பிரஷ்ஷில் தொட்டு மண்ணெண்ணெய் இரண்டு சொட்டு. அது அந்தப் பொண்ணு சொன்ன ஷீட்டில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், பக்கத்தில் நெருப்பும் கூடாது. எஃகு வெட்டும் நாளில் தண்ணீரில் கரையும் கட்டிங் ஆயிலை ஒன்றுக்கு இருபது தண்ணீரில் கலக்கி, பாட்டிலில் ஊற்றிப் பீய்ச்சினால் போதும். எண்ணெயைத் தண்ணீரில் ஊற்ற வேண்டும், தண்ணீரை எண்ணெயில் ஊற்றினால் திரியும். அன்றைக்கு வேலை முடிந்ததும் தட்டைத் துடைத்துவிடுங்கள். பம்பும் தொட்டியும் வைத்து, வாரத்தில் ஒருநாள் மட்டும் ஓட்டினால் நம் வெயிலில் அது அழுகி நாறும், சமையலறை வேறு பக்கத்தில் இருக்கிறது.

வேக்குவம் பிடித்த பிறகு மிஞ்சுவதை பிரஷ்ஷால் தள்ளுங்கள். ஏர் கம்ப்ரஸர் இருந்தாலும் மெஷின்மேல் ஊத வேண்டாம், பொடி வழிகளுக்கு அடியில் போய்விடும். காலத்துக்கு முன்னால், டேபிளுக்குப் பின்னால் இருக்கும் வழியை மூடக் கல்யாண ஃப்ளெக்ஸ் பேனரில் ஒரு துண்டு வெட்டித் தொங்கவிடுங்கள். எண்ணெய் இறங்காது, மடங்கும், கிழிந்தால் அடுத்த துண்டு. ஷிம் வேலை செய்யும்போது டயல் எவ்வளவு காட்டியது என்று இங்கே எழுதுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.